காணாமல் போனவளுக்கு ஒரு முடிவு

நான் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கொன்றிருக்கிறேன், பாலில் விஷம் கலந்து கொன்றிருக்கிறேன், அம்மன் கோபத்துக்கு ஆளாக்கி இடி விழவைத்தும் கொன்றிருக்கிறேன். தொலைக்காட்சிக்குக் கதை வசனம் எழுதிப் பிழைத்தவள் நான். மாமியார் கதை, பேய்க் கதை, சாமிக் கதை, துப்பறியும் கதை, தீபாவளிக்கு அரை மணி நேரச் சிரிப்பு நாடகம், சமையல் நிகழ்ச்சியில் அந்த அம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டே பேசுகிற பேச்சு, எல்லாம் எழுதியாயிற்று. இது என் தரத்துக்கு இல்லை என்று எதையும் தள்ளியதில்லை. தள்ளினால் அடுத்த போன் வராது, அவ்வளவுதான்.

அத்தனையும் திருப்பூர் நல்லூரில் உட்கார்ந்து எழுதியது. மாடியில் நான், கீழே பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷின்கள். ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தவளைத் தீபாவளிக்கு உள்ளூர் கேபிளுக்கு ஒரு நாடகம் எழுதச் சொன்னார்கள். அதை யாரோ சென்னையில் பார்த்துக் கூப்பிட்டார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டேன். "சென்னைக்கே வந்துடுங்க மேடம்" என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு இந்தச் சத்தம் இல்லாமல் எழுத வராது. எழுதி முடித்ததும் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு, வருகிற வழியில் கீரை வாங்கிக்கொண்டு வருவேன்.

போன் வரும். "மேடம், மூத்த மருமகள் கால்ஷீட் தர மாட்டேங்குறா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க." சரி என்று சொல்லி, குழம்பைக் கிளறிக்கொண்டே அவளை முடித்துவிடுவேன். இந்தத் தொழிலில் தொடங்குவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. முடிக்கத் தெரிய வேண்டும். குடும்பக் கதை என்றால் கல்யாணமோ மன்னிப்போ. சிரிப்பு நாடகம் என்றால் எல்லாரும் வரிசையாக நின்று சிரிக்க வேண்டும். சாமிக் கதை என்றால் சூலம். குற்றக் கதை என்றால் பிணம். முடிவு இல்லாமல் ஒரு தாள் அனுப்பினால் "மிச்சம் எங்க மேடம்?" என்று கேட்பார்கள்.

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. நான் கதை கட்டுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பேசும்போது, எங்கோ நடக்கிற ஒன்று எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பதுபோலத்தான் பேசுவார்கள். டீக்கடை வாசலில் ஓர் அம்மா என்னை மறித்து, "ஏனுங்க அம்மிணி, அந்தப் புள்ளைக்கு மட்டும் இத்தன கஷ்டத்தக் குடுக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்று சண்டைக்கு வந்தார். கீழே தைக்கிற திருநெல்வேலிப் பெண் ஒருத்தி மாடிப்படியில் நின்றுகொண்டு, "எக்கா, அவன் செத்துட்டானா இல்லியா, உள்ளதச் சொல்லுங்க, எனக்கு வேலையே ஓட மாட்டேங்கு" என்பாள். எனக்கு உள்ளூர ஒரே பெருமை. யாருக்குத்தான் இருக்காது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் குடித்தனங்கள் இருக்கிற ஒரு லைன் வீடு. அதில் ஓர் அக்கா இருந்தார். பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். விவசாயக் காடு விற்றுப்போன பிறகு இங்கே வந்தவர்கள். வீட்டுக்காரர் சாமளாபுரத்தில் தறி ஓட்டினார். அங்கேயே தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒரே மகள். பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தாள், ஓட்டை கறை பார்க்கிற வேலை. என்னைப் பார்த்தால் வணக்கம் எல்லாம் சொல்ல மாட்டாள். "அந்த வில்லியக் கொஞ்சம் அடக்கி வையுங்கக்கா" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனாள். கம்பெனிக்கு வந்து சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

முதலில் தோழிகள் வீடு, பிறகு சொந்தக்காரர்கள் வீடு, பிறகு பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். "எவனோடவாச்சும் போயிருப்பாம்மா. ரெண்டு மாசத்துல வயித்தத் தள்ளிக்கிட்டு வருவா, பாருங்க" என்று அங்கே ஒருவர் சொன்னாராம். அக்கா அதை என்னிடம் சொன்னபோது கோபப்படவே இல்லை. "அப்படிப் போயிருந்தாலும் சரிதானுங்க அம்மிணி. நல்லா இருந்தாச் சரி. கண்ணுல ஒருக்கா காட்டிப்போட்டுப் போயிட்டா எனக்குப் போதும்" என்றார். எனக்குத்தான் அந்த ஸ்டேஷனைக் கொளுத்திவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

திருப்பூரில் ஒருவரைத் தேடுவது லேசான காரியம் இல்லை. நாள்தோறும் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குகிறார்கள். போகிறவர்களும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அக்கா மட்டும் விடவில்லை. தெருத்தெருவாகப் போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்தார். மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் படியேறி மேலே வந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, நீங்க டிவியில போட்டுடுங்க. ஊரெல்லாம் பாக்கும். எங்கயாச்சும் ஒருத்தர் பாத்துட்டுச் சொல்ல மாட்டாங்களா?"

அப்போது நான் ஒரு சேனலில் குற்ற நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நிஜமாக நடந்த கொலை, கொள்ளைகளை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி. அதன் லட்சணம் எனக்குத் தெரியும். பெண் என்றால் கள்ளக்காதல், ஆண் என்றால் குடி, கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து புத்திமதி சொல்வார். அதில் போய் இந்தப் பிள்ளையைப் போடுவதா? வேண்டாம் அக்கா என்று எவ்வளவோ சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறனுங்க. அவளக் கொன்னுபோடாதீங்க. உங்க நிகழ்ச்சியில கடைசியில எல்லாரும் செத்துப்போறாங்க, நானும் பாக்கறனல்ல. என்ற புள்ளையக் காணோம்னு மட்டும் போடுங்க. காணோம், அவ்வளவுதான்."

சரி என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சென்னைக்குப் போன் போட்டேன்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என் மகன் வயசுப் பையன். கதையைக் கேட்டதும் "சூப்பர் மேடம்" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "கொன்னது யாரு?" என்றான். "யாரும் கொல்லலை, காணாமல் போயிருக்கா" என்றேன். "அது ஆரம்பம் மேடம். முடிவு?" என்றான். முடிவு இல்லை, அதுதான் விஷயம் என்றேன். அடுத்து இன்னொரு தொல்லை. பனியன் கம்பெனி என்றே வரக்கூடாதாம். நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுப்பதே ஒரு பனியன்காரர். ஆகவே அவள் துணிக்கடையில் வேலை பார்க்கட்டும் என்றான். தொலையட்டும், துணிக்கடை. அதில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். மற்றதில் கரடியாகக் கத்தினேன். பிணம் கூடாது, காதலன் கூடாது, கடைசியில் அவளுடைய உண்மையான போட்டோ வர வேண்டும், பார்த்தவர்கள் கூப்பிட ஒரு நம்பர் வர வேண்டும். இல்லையென்றால் என்னிடமிருந்து இனி ஒரு வரி வராது என்றேன். அந்தச் சேனலுக்கு அப்போது சாமித் தொடரும் நான்தான் எழுதினேன். அம்மன் பாதி வழியில் நின்றுவிடுவாளே என்ற பயத்தில் ஒத்துக்கொண்டார்கள். "பண்ணிடலாம் மேடம், உங்களுக்காக."

அக்காவிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பொறுமையாக எதையும் எழுதியதில்லை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயாமல் கிளம்பியது, எலுமிச்சைச் சாதம் வேண்டாம் என்று முகத்தைச் சுளித்தது, பிறகு டப்பாவை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டது, பல்லியைப் பார்த்தால் கட்டிலில் ஏறி நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிடுவது எல்லாம் சேர்த்தேன். அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்ப்பதோடு முடித்தேன். அக்கா ஒரு போட்டோவும் கொடுத்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, கனகாம்பரம் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பிரவுசிங் சென்டரில் அதை ஸ்கேன் செய்யும்போது, மிஷின் மூடியை அழுத்த வேண்டாம், முகம் நசுங்கிவிடும் என்று அந்தப் பையனிடம் அக்கா சொன்னார். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பெனி எல்லாம் லீவு. லைன் வீட்டுச் சனம் முழுக்க அக்கா வீட்டில் அடைந்துகொண்டது. இடமில்லாதவர்கள் ஜன்னலில் நின்றார்கள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி. வீட்டுக்காரர் சாமளாபுரத்திலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்திவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பாதி நான் எழுதியது எழுதியபடி வந்தது. நடித்த பெண் நன்றாகவே செய்தாள். எலுமிச்சைச் சாதம் வந்தபோது அக்கா வாய்விட்டுச் சிரித்து, "அப்படியே இருக்குதுங்க அம்மிணி, அப்படியேதான் மூஞ்சியச் சுளிப்பா" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை, இந்தப் பாழாய்ப்போன தொழிலில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பிறகு விளம்பரம். ஒருவர் பனியன் போட்டுக்கொண்டு குதித்தார்.

விளம்பரம் முடிந்ததும் கல் வெட்டி எடுத்த ஒரு கல்லுக்குழி வந்தது. நான் கல்லுக்குழி எதுவும் எழுதவில்லை. ஜீப் வந்து நின்றது. போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ கிடந்தது. துணியின் ஓரத்தில் ஈரத் தலைமுடி வெளியே தெரிந்தது. அவள் ஈரத்தலையோடு கிளம்பினாள் என்று நான் எழுதியதை எடுத்து இதற்குப் பயன்படுத்தியிருந்தார்கள். 'இந்தப் பெண்ணின் கதி இனி யாருக்கும் வரக் கூடாது' என்று ஒரு கனத்த குரல் சொன்னது. கடைசியில் அந்தப் போட்டோ வந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். போட்டோவுக்கு மாலை போட்டு, பக்கத்தில் விளக்கு ஏற்றி, கறுப்பு வெள்ளையில் காட்டினார்கள். நம்பர் வரவே இல்லை.

ஜன்னலோரம் நின்ற ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார். அவ்வளவுதான், வீடே பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் எழுந்து செருப்பு இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார். அக்கா மட்டும் அழவில்லை. என் கையை விட்டுவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அடுத்த நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது.

நான் வெளியே வந்து அந்தப் பையனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவை இங்கே எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. அவன் முழுக்கக் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னான். "மேடம், எபிசோடு ரெண்டு நிமிஷம் குறைஞ்சுது. அந்த லொகேஷன்ல வேற ஷூட்டிங் போயிட்டிருந்துச்சு, சேத்து எடுத்துட்டாங்க."

"மாலை? மாலை எவன்டா போடச் சொன்னான்?"

"அது டெம்ப்ளேட் மேடம். கடைசியில ஒரு போட்டோ குடுத்தா மாலையும் விளக்கும் தானா வந்து உக்காந்துக்கும். கிராபிக்ஸ்ல யாரும் கவனிக்கல. ஆனா ரெஸ்பான்ஸ் பயங்கரமா இருக்கு மேடம்."

திருத்தி மறுபடி போடு என்றேன். ஒருமுறை போனதைத் திருத்துவதில்லையாம். அந்த நிகழ்ச்சியை அன்றோடு விட்டேன். சாமித் தொடரையும் விட்டேன். அம்மன் பாதியில் நிற்கவெல்லாம் இல்லை. வேறொருவர் எழுதினார், நன்றாகவே ஓடியது.

அடுத்த நாள் ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் இறந்ததாக வந்தது பொய், தேடுவதை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிவியிலயே காட்டிட்டாங்களேம்மா" என்றார். நான்தானய்யா அதை எழுதியவள் என்றேன். "அப்ப உங்களுக்கே தெரியுமில்ல" என்றார். தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

பொங்கலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அக்காவின் அண்ணன்தான் பேசினார். உடம்பு கிடைக்காவிட்டாலும் செய்ய வேண்டிய சாங்கியத்தைச் செய்துவிட வேண்டும், ஆத்மா அலையக் கூடாது என்றார். வாசலில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நான் நடுவில் போய் நின்று கத்தினேன். "அவ சாகலீங்க! அங்க படுத்திருந்தது வேற ஆளு. துணிய எடுத்ததும் எந்திரிச்சு டீ குடிச்சிருப்பா. எல்லாம் நடிப்புங்க!"

அந்த அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. மரியாதையாகவே சொன்னார். "நீங்க நல்ல மனசுல சொல்றீங்கம்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா அத்தன பெரிய டிவிக்காரங்க, விசாரிக்காமயா போட்டிருப்பாங்க?"

கருமாதி நடந்தது. அக்கா எங்கேயும் வந்து நிற்கவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரர் சாமளாபுரத்துக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒட்டிவைத்திருந்த 'காணவில்லை' தாளைப் போகிற வழியில் அவரே கிழித்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் அதைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறுவான்?

எனக்கு அதற்குப் பிறகும் போன்கள் வந்தன. வேறு சேனல்கள், வேறு கதைகள். சிரிப்பு நாடகம்கூட எழுதினேன். எழுத்து வந்தது, அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் பின்கட்டுப் பக்கம் துணி காயப்போடப் போக மாட்டேன். அக்கா கண்ணில் படக் கூடாது என்று முன்பக்கமே காயப்போட்டேன்.

அவரே ஒரு மத்தியானம் மேலே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திட்டட்டும், என் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடிக்கட்டும் என்று நான் தயாராகவே இருந்தேன்.

"அம்மிணி, உங்ககிட்டக் கோவம் ஒண்ணுமில்லீங்க. ஒண்ணு கேக்கோணும். அது எந்த எடமுங்க?"

"எதுங்க அக்கா?"

"அந்தக் கல்லுக்குழி. இந்தப் பக்கத்துல இருக்கற குழியெல்லாம் பாத்துட்டனுங்க. அது மாதிரி எதுவும் இல்ல. எடம் தெரிஞ்சா ஒருக்கா போயி ரெண்டு பூவப் போட்டுட்டு வந்தர்றேன். அங்க ஆரும் இல்லாம கெடப்பாளல்லங்க."

அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அது பொய். அந்த இடத்துக்கும் உங்கள் மகளுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, சேனல்காரனுக்கும் தெரியாது. எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். இன்னும் தேடலாம், நானும் கூட வருகிறேன்.

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். "உசுரோட இருக்கறாள்னு சொல்லாதீங்க அம்மிணி. உசுரோட இருந்தா இத்தன நாளு எனக்கொரு போன் பண்ணாம இருப்பாளா? அத நெனச்சாத்தான் எனக்குத் தாங்கமாட்டேங்குது. செத்துட்டாள்னு இருந்தாக் கொஞ்சம் தூங்கறனுங்க. எடத்த மட்டும் சொல்லிப்போடுங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

சரி, இருக்கிற உண்மையையே சொல்லிவிடுவோம், அதைக் கேட்டாவது நம்புவார் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்தக் குழி இங்கயே இல்லீங்க. அது மெட்ராஸ் பக்கம். சினிமாக்காரங்க படம் எடுக்கற எடம்."

"மெட்ராஸுங்களா?"

அவர் முகம் மாறியது. நம்பிவிட்டார் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அந்த ஒப்பாரி நாளில் அழாத அழுகையையெல்லாம் அப்போதுதான் அழுதார்.

"அவளுக்குப் பஸ்ஸே ஆகாதுங்களே அம்மிணி. பொங்கலூர் போறதுக்குள்ளயே ரெண்டு தடவ வாந்தி எடுப்பா. அத்தன தூரம் எப்படிங்க போனா?"